மூட்டு வலிக்காரி மலை ஏறிய நாள்

என் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவனைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. இந்தக் கதை முழுக்க அவனைத் திட்டத்தான் போகிறேன். கதை என்னவோ அவன் பெண்டாட்டியுடையது. ஐம்பத்திரண்டு வயதில், கொட்டுகிற மழையில், ஒற்றை ஆளாக மலை ஏறி இறங்கியவள் அவள். ஏன் ஏறினாள் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் குடும்பத்து வியாதியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் யாரும் தன் பேச்சைத் தானே பேசுவதில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பேசிவிடுவார். என் அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள், கல்யாணமாகிப் புகுந்த வீட்டாரோடு முதல் தடவை பஸ் ஏறினாள். வழியனுப்ப வந்த என் பெரியப்பா, "அவளுக்கு ஜன்னலோரம் ஒத்துக்காது, தலைவலி வந்துரும், உள்ள தள்ளி உட்கார வைங்க" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு அப்படி ஒரு தலைவலியும் கிடையாது. பெரியப்பா தன் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு சொன்னது அது. மூத்த அண்ணன் சொன்ன சொல்லைப் பொய் என்று சொல்வதா என்று அத்தை வாயை மூடிக்கொண்டாள். நாற்பத்தோரு வருஷம் மூடிக்கொண்டாள். பஸ்ஸோ ரயிலோ, ஒரு நாள் கூட அவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் கேட்டாள், "அப்படி வெளியில என்னதான்டி தெரியும்?" அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ரத்தம்தான் என் தம்பி உடம்பிலும் ஓடுகிறது.

அவன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி. அவன் பெண்டாட்டிக்கும் அங்கேதான் வேலை, சலவைப் பிரிவில். வார்டுகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாம் கீழ்த்தளத்தில் துவைபட்டு, காய்ந்து, மடிபட்டு மேலே போகும். விரிப்பு மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்ப்பார்கள். இவளோடு சேர்ந்து மடித்தவள் வேலையை விட்டுப் போனாள், மாற்று ஆள் வரவில்லை. இவள் சுவரில் இரண்டு ஆணி அடித்தாள். இரண்டு முனையை ஆணியில் மாட்டி, இரண்டு முனையைத் தான் பிடித்து, சுவரோடு ஜோடி போட்டுக்கொண்டு மடித்தாள். "பொண்டாட்டி சுவரோட குடும்பம் நடத்துறா" என்று என் தம்பியைக் கேலி செய்வார்களாம். "ரெண்டு இடத்துலயும் சுவர்தான்" என்று அவள் சொன்னாளாம். அன்றிலிருந்து அவளுக்கு ஆணிக்காரி என்று பெயர். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில் ஆபரேஷன் அறைத் துணிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கொதிநீராவியில் வேக வைத்து, பொட்டலம் கட்டி, தேதி ஒட்டி வைப்பார்கள். அதன் தலைமை ஆள் ஓய்வு பெற்றுப் போனார். ஆணிக்காரியைப் போடலாம் என்று மேலாளர் அம்மாவுக்கு ஒரு யோசனை. வியாழக்கிழமை காரில் வந்த அந்த அம்மா வாசலில் கண்ணாடியை இறக்கி, "உங்க மிஸஸ் நாலாம் மாடிக்கு வருவாங்களா?" என்று இவனைக் கேட்டிருக்கிறாள். வேலை செய்யப் போகிறவள் கீழ்த்தளத்தில் நிற்கும்போது வாசலில் நிற்பவனை ஏன் கேட்க வேண்டும்? அந்த அம்மா மேலும் எனக்குக் கோபம்தான்.

இவன் யோசிக்கவே இல்லை. "மூட்டு வலி மேடம். படி ஏற மாட்டா" என்று சொல்லிவிட்டான்.

நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அன்று மாலை டீயை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

"அவளைக் கேட்டியாடா?" என்றேன்.

"எதுக்குக்கா கேக்கணும்? எனக்குத் தெரியாதா அவளைப் பத்தி? லிஃப்ட்டு நோயாளிகளுக்கு மட்டும்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை படி ஏறி இறங்கணும். செத்துருவா."

"அவ சாகுறதைப் பத்தி அவளைக் கேக்க வேணாமா?"

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வேலைக்கா. நாலு மணிக்கு எனக்கு டீ யாரு போடுவா?"

இதுதானா விஷயம் என்று நான் முறைத்தேன். அவன் குரலைத் தாழ்த்தினான். "பிரிவுத் தலைவருங்களுக்கு நீலக் கார்டுக்கா. நீலக் கார்டு வாசல்ல நுழைஞ்சா நாங்க எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிக்கணும். ரூல்ஸு. நான் இவளுக்கு சல்யூட் அடிச்சா, கூட நிக்கிறவனுங்க சிரிக்க மாட்டானுங்களா?"

ஒரு நாள் முழுக்க நான் சும்மா இருந்தேன். அதற்கு என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள்கிறேன். நானும் அந்தக் குடும்பத்துக்காரிதானே.

வெள்ளிக்கிழமை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கத்தி நின்றது.

"எந்த முட்டின்னு சொன்னாராம் அண்ணி?"

"எந்த முட்டின்னு எல்லாம் சொல்லலை."

"எனக்கு எடது முட்டி. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவருக்கு அதைக்கூட முழுசாச் சொல்லத் தெரியலை."

வலி பொய் இல்லை. அதுதான் அவள் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. குளிர் நாளில் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்ப்பாள். சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒருவன் கதவை அடைத்தால் என்ன செய்வது?

"திங்கட்கிழமை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்" என்றேன்.

"என்னால முடியுமா முடியாதான்னு எனக்கே தெரியலை அண்ணி. தெரிஞ்சுக்கிட்டுத்தான் போய்ப் பேசணும். முடியலைன்னா, முடியலைன்னு நான் சொல்றேன். அதைச் சொல்லவும் எனக்கு வாய் இருக்கு."

அப்புறம் வெங்காயத்தை நறுக்கினாள். வெங்காயமா அது, தூளாகிப் போனது.

சனிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. மூன்று நாளாக விடாமல் மழை. காலை ஆறு மணிக்கு என் தம்பி வேலைக்குப் போனான். ஆறரைக்கு இவள் சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள், சலவைப் பிரிவின் நீலச் சட்டை, நீலக் கால்சட்டை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கழித்துப் போட்ட ஒரு ரப்பர் விரிப்பு, நோயாளியின் மெத்தைமேல் போடுகிற சிவப்பு ரப்பர். நடுவில் கழுத்துக்கு ஓட்டை வெட்டியிருந்தாள். வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்து நான் கேட்கவில்லை. போனை அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனதைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தள ஜன்னலிலிருந்து ஒரு மலை தெரியும். அதன் உச்சியில் மழை அளக்கிற சின்னக் கட்டடம். மலைக்குப் போகிற பஸ்ஸில் அவளும் டிரைவரும் கண்டக்டரும்தான் இருந்தார்களாம். அடிவாரத்தில் ஒரு காவல் குடில். ஏறுகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டு கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். உச்சியில் அந்தச் சீட்டில் நேரம் எழுதி முத்திரை குத்துவார்கள். இறங்கி வந்து சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் சீட்டு வராவிட்டால், ஆள் மலையில் மாட்டிக்கொண்டது என்று தேடக் கிளம்புவார்கள்.

குடில்காரர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னிக்கு யாரும் போகலைம்மா. வீட்டுக்குப் போங்க."

"மழையில போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"சட்டம் இல்ல. புத்தி இருக்குல்ல?"

"அதை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். சீட்டு குடுங்க."

"துணைக்கு யாரு?"

"யாருமில்லை."

"போன் நம்பர்?"

இங்கேதான் பாருங்கள் வேடிக்கையை. ரேஷன் தாளோ, பேங்க் தாளோ, மகளின் பள்ளிக்கூடத் தாளோ, எதில் நம்பர் கேட்டாலும் புருஷன் நம்பரைச் சொல்லியே பழகிய வாய். அவன்மேல் கோபம் கொண்டு மலை ஏற வந்தவள், அவன் நம்பரையே சொன்னாள். பத்து எண்ணும் கடகடவென்று வந்ததாம். தன் நம்பர் அவளுக்கு மனப்பாடமே கிடையாது.

முதல் ஒரு மணி நேரம் கல் பாவிய பாதை. தண்ணீர் அதன்மேல் படி படியாக இறங்கி வந்தது. குடை இரண்டாவது வளைவில் காற்றோடு போனது. "போ, நீயும் போ" என்று விட்டுவிட்டாளாம். அதற்கு மேல் பாதை மண். ஒரு கால் வைத்தால் அரைக் கால் பின்னால் சறுக்கும். அட்டை ஏறியது, பிய்த்து எறிந்தாள். சுற்றிலும் வெள்ளைப் புகை போல மேகம், பத்தடிக்கு அப்பால் மரமா மனிதனா தெரியாது. கேட்க ஆளில்லை என்றதும் அவள் வாய் திறந்துகொண்டது. இருபத்தாறு வருஷமாக விழுங்கி வைத்த பதிலை எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறினாளாம். "எனக்கு இனிப்பு புடிக்காதுன்னு யாரு சொன்னா? எனக்குக் கூட்டம் ஆகாதுன்னு யாரு சொன்னா? மக கல்யாணத்துல நான் மேடை ஏற வெக்கப்படுவேன்னு யாருய்யா சொன்னா உனக்கு?" மழை சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எட்டு.

பாதிக்கு மேல் இடது முட்டி பேச ஆரம்பித்தது. முதலில் ஊசி, அப்புறம் கத்தி. ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து பார்த்தாள், மாம்பழம் போல வீங்கியிருந்தது. அந்த இடத்தில்தான் அவளுக்கு அழுகை வந்ததாம். வலியால் இல்லை. "அந்த ஆளு சொன்னது சரியாப் போயிடுமோன்னு பயம் அண்ணி" என்றாள் என்னிடம். ரப்பர் விரிப்பின் ஓரத்தை நீளமாகக் கிழித்து முட்டிக்குக் கீழும் மேலும் இறுக்கிக் கட்டினாள். இனி இடது காலை முதலில் வைப்பதில்லை என்று முடிவு செய்தாள். வலது கால் மேலே, இடது கால் அதன் பக்கத்தில். வலது, பக்கம். வலது, பக்கம். நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஆகட்டும்.

பதினொன்றே முக்காலுக்கு உச்சி. மழை அளக்கிறவர் அளவு குழாயோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரும்மா அது? மெத்தை நடந்து வருதுன்னு நெனச்சேன்."

"சீட்டுல முத்திரை போடுங்க."

"இந்த மழையில எதுக்கு வந்தீங்க?"

"கோபத்துல வந்தேன்."

"கோபத்துக்கு மலை எதுக்கு? வீட்டுல முட்டிக்கச் சுவர் இல்லையா?"

"சுவர் இருக்கு. முட்டிதான் இல்லைன்னு சொல்றாங்க."

மனிதர் சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு வெந்நீர் கொடுத்தார். சீட்டில் நேரம் எழுதினார், அன்று அதுவரை பெய்த மழையின் அளவையும் எழுதினார், "இருக்கட்டும், யாராவது பொய்னு சொன்னா காட்டலாம்" என்று. உடன் வந்தவர் என்ற இடத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். யாருமில்லை என்று அவளே எழுதினாள்.

அங்கே அவள் கண்ணில் பட்டது ஒரு கப்பி. கீழ்ப்பாறையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னையும் அரிசி மூட்டையையும் கயிறு கட்டி மேலே இழுப்பதற்காக அவர் மாட்டி வைத்தது. அதையே பார்த்துக்கொண்டு வெந்நீரைக் குடித்தாளாம்.

ஏறியது பெரிதில்லை, இறங்கியதுதான். இறங்கும்போது முட்டிக்கு இரண்டு மடங்கு வேலை. பாதி தூரம் உட்கார்ந்தே சறுக்கி வந்தாள். காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை இடுப்பளவு ஓடியது. முக்கால் மணி நேரம் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, அது வடிந்த பிறகு குச்சி ஊன்றி ஊன்றித் தாண்டினாள். அடிவாரத்துக்கு வந்தபோது நாலரை. குடிலின் ஜன்னல் பலகையை மழைக்காக இறக்கி விட்டிருந்தார்கள். தட்டினால் திறப்பார்கள். தட்டவில்லை. சீட்டு அவள் உள்சட்டைக்குள் பாலித்தீன் பையில் இருந்தது. திங்கட்கிழமைக்கு அவளிடம் வேறு சாட்சி கிடையாது. சத்தமில்லாமல் பஸ் ஏறிவிட்டாள். அது தப்பு. அவளே சொன்னாள் தப்பென்று, நானும் மூடி மறைக்கவில்லை.

இங்கே வீட்டில் என் தம்பி இரண்டரைக்கு வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தான். "சோறு எங்கக்கா? அவ எங்க?"

"எனக்கு என்னடா தெரியும்?"

"அரிசியாவது வெச்சிருக்கலாம்ல?"

"அரிசி டப்பா எந்த அடுக்குல இருக்குன்னு சொல்லு, நான் வெச்சுத் தர்றேன்."

தெரியவில்லை அவனுக்கு. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தான். ஐந்தரைக்கு அவன் போன் அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, கொட்டாவி விட்டான்.

"சார், மலையடிவாரக் குடில்லேர்ந்து பேசுறோம். இந்த நம்பர் குடுத்த அம்மா காலையில மலை ஏறுனவங்க இன்னும் சீட்டு குடுக்கலை. வீட்டுக்கு வந்துட்டாங்களா? ரெண்டு பேர் தேடப் போயிருக்காங்க சார், ஓடை வேற ஏறிடுச்சு."

என் தம்பி சிரித்தான். நெஞ்சு குலுங்கச் சிரித்தான். "தப்பான நம்பர்ங்க. என் வீட்டுக்காரியா? அவளுக்கு மூட்டு வலி. நாலு மாடிப்படி ஏற மாட்டா, மலைக்கு எங்க ஏறப் போறா?"

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் அவள் நின்றாள். கிழிந்த சிவப்பு ரப்பர், முழங்கால் வரை சேறு, கையில் ஊன்றிய குச்சி, கீழே சொட்டிச் சொட்டிக் குளம். அவன் சொன்னது முழுவதையும் கேட்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான், அப்புறம்தான் திரும்பினான்.

அவள் நொண்டி நொண்டி வந்து அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நான்தான் பேசுறேன். மலை ஏறுனவ. பத்திரமா வந்துட்டேன். சீட்டைக் குடுக்காம வந்தது என் தப்பு, தேடப் போனவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. சீட்டு எனக்கு ரெண்டு நாளைக்கு வேணும். நானே கொண்டாந்து குடுத்து மன்னிப்பு கேக்குறேன்." ஒரு மூச்சு விட்டாள். "அப்புறம் நோட்டுல இந்த நம்பரை அடிச்சிருங்க. இது என் நம்பர் இல்ல."

போனை அவன் மடியில் போட்டாள்.

"ஏண்டி, இந்த மழையில... உனக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றான். முகம் வெளுத்திருந்தது. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன், வெளுத்துத்தான் இருந்தது.

"ஆயிருந்தா நீங்கதான் சொல்லியிருப்பீங்களே, அவ சாகல, அவளுக்குச் சாகப் புடிக்காதுன்னு."

நான் வெந்நீர் வைக்கப் போனேன். அவள் கால் கழுவும்போது சொன்னதைத்தான் இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்னேன்.

திங்கட்கிழமை மேலாளர் அம்மாவின் மேஜைமேல் சீட்டை வைத்தாள். சலவைப் பிரிவுக்காரி அல்லவா, ஈரச் சீட்டைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டு போயிருந்தாள்.

"மூட்டு வலின்னு உங்க ஹஸ்பெண்ட் சொன்னாரே?"

"உண்டு மேடம். எடது முட்டி. ஆனா அது என் முட்டி. அதைப் பத்தி என்னைத்தான் கேட்டிருக்கணும்." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். "தினம் இருபது தடவை என்னால ஏற முடியாது. ஆறு தடவை முடியும், மெதுவா. மிச்சம் பதினாலும் துணி மூட்டை தூக்குறதுக்குத்தான். படிக்கட்டு நடுவுல கீழேர்ந்து மேல வரைக்கும் காலியிடம் இருக்கு. அதுல ஒரு கப்பி மாட்டிக் கயிறு விட்டா மூட்டை தானா மேல வரும். இதுக்கு ஒத்துக்கிட்டா வர்றேன். இல்லைன்னா வேற ஆளைப் போடுங்க, வருத்தமில்லை."

மேலாளர் அம்மா சீட்டை இரண்டு தடவை படித்தாளாம். மழையின் அளவைப் பார்த்து, "இவ்வளவு மழையிலயா?" என்றாளாம். பத்து நாளில் கப்பி வந்தது. நீலக் கார்டும் வந்தது.

அதற்கு முன்னே, அடுத்த விடுமுறையில், அவள் குடிலுக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தாள். குடில்காரர் திட்டித் தீர்த்தார். "ரெண்டு பேரு மழையில ஓடை வரைக்கும் போயிட்டு வந்தானுங்க. ஒருத்தனுக்குக் காய்ச்சல்." தலை குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாளாம். அப்புறம் நோட்டில் தன் நம்பரை எழுதினாளாம், ஒரு தாளைப் பார்த்துத்தான். இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

நீலக் கார்டோடு அவள் வாசலில் நுழைந்த முதல் நாள், கூட நின்ற காவலாளிகள் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள். என் தம்பி சட்டென்று குனிந்து பூட்ஸ் லேஸைக் கட்டினான். இரண்டாம் நாளும் லேஸ். மூன்றாம் நாளும். எட்டு நாள் அவனுக்கு அவள் வருகிற நேரத்தில்தான் லேஸ் அவிழ்ந்தது. இதை எனக்குச் சொன்னவர் அவனோடு வேலை செய்யும் இன்னொரு காவலாளி. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஒன்பதாம் நாள் அவள் உள்ளே போகவில்லை. அவன் முன்னால் நின்றாள். பின்னால் டாக்டர்களின் கார் இரண்டு நின்றது, ஹாரன் அடித்தது. நகரவில்லை.

"உங்க பூட்ஸுக்கு லேஸே கிடையாது" என்றாள். "இழுத்து மாட்டுற பூட்ஸு. இல்லாத லேஸுக்கு எத்தனை நாள் முடிச்சுப் போடுவீங்க?"

அவன் நிமிர்ந்தான். காது சிவந்திருந்ததாம். கை மெல்ல மேலே போய் நெற்றியைத் தொட்டது. சல்யூட்டா, வியர்வையைத் துடைத்தானா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி.

"சரியாத் தெரியலை" என்றாள் அவள். "இன்னொரு தடவை."